சதுரங்கத்தின் முதல் ஆண்டு: எதை முதலில் கற்பிப்பது, எதைத் தள்ளிவைப்பது?

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ், சீனாவின் டிங் லிரெனை 7.5–6.5 என்ற கணக்கில் வென்று 18 வயதில் உலகச் சாம்பியன் ஆன பிறகு, தமிழ்நாட்டின் சிறிய ஊர்களிலும் பிள்ளைகளைச் சதுரங்கம் பழக அனுப்பும் வேகம் கூடியிருக்கிறது. செட்டிநாட்டைப் பொறுத்தவரை இது தொலைவில் நடக்கும் செய்தியாக இல்லை. காரைக்குடியைச் சேர்ந்த எம். பிரணேஷ் 2023 ஜனவரியில் ஸ்டாக்ஹோமின் ரில்டன் கோப்பைப் போட்டியை வென்று சதுரங்கத்தின் உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைப் பெற்ற 79ஆவது இந்தியர் ஆனபோதே, நம் ஊர்ப் பிள்ளைகளாலும் அந்த உயரத்தை எட்ட முடியும் என்பது உறுதியாகிவிட்டது.

ஆர்வத்தோடு குழப்பமும் வந்திருக்கிறது. எந்த வயதில் தொடங்குவது, வீட்டில் ஐயா கற்றுக்கொடுத்த விதிகளும் வகுப்பில் சொல்லும் விதிகளும் ஏன் ஒத்துப்போவதில்லை, மூன்று மாதம் வகுப்புக்குப் போன குழந்தையை ரேட்டிங் என்னும் தர எண் வழங்கும் போட்டிக்கு அனுப்பலாமா, சதுரங்கம் ஆடினால் கணக்கில் மதிப்பெண் ஏறுமா என்ற கேள்விகளுக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. இவற்றுள் எல்லாவற்றையும்விட அடிப்படையான கேள்வி, முதல் ஆண்டில் குழந்தை எதை எந்த வரிசையில் கற்க வேண்டும் என்பதுதான். குறைந்த காய்களில் தொடங்கி, ஆட்டத்தின் முடிவைக் கற்று, அங்கிருந்து தொடக்கத்தை நோக்கி வருவதே சரியான வரிசை என்று இக்கட்டுரை வாதிடுகிறது. நடைமுறையில் பல இடங்களில் இதற்கு நேர்மாறாகவே பயிற்சி நடக்கிறது.

பலகையும் காய்களும்

பலகையில் எட்டு நெடுவரிசைகள், எட்டு கிடைவரிசைகள், மொத்தம் 64 கட்டங்கள். ஆடுபவரின் வலது கைப்பக்க மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்க வேண்டும். நெடுவரிசைகளை இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச் என்ற எழுத்துகளாலும், கிடைவரிசைகளை வெள்ளை ஆடுபவர் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையிலான எண்களாலும் குறிப்பர். ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் இ4, எஃப்7 என்பதுபோல ஒரு பெயர் உண்டு. நகர்வுகளை இப்பெயர்களால் எழுதி வைப்பதே ஆட்டக் குறிப்பு. காய்களின் பெயர்கள் வீட்டுக்கு வீடு மாறுவதால், இங்கே ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்ற பெயர்களையே பயன்படுத்துகிறோம்.

சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று காய்களின் மதிப்பைக் கற்பிப்பது வழக்கம். பெரும்பாலான வகுப்புகள் இந்த எண்களை மனப்பாடம் செய்யவைத்து நகர்ந்துவிடுகின்றன. எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் குழந்தை தானே எண்ணிப் பார்த்தால் மட்டுமே அவை மனத்தில் நிற்கும். காலியான பலகையில் மூலையில் நிற்கும் குதிரைக்கு 2 நகர்வுகள்தாம் உண்டு; நடுவில் நின்றால் 8. பிஷப்புக்கு மூலையில் 7, நடுவில் 13. யானைக்கு எங்கே நின்றாலும் 14. ராணிக்கு மூலையில் 21, நடுவில் 27. விரலை வைத்து இவற்றை எண்ணிய குழந்தைக்கு, காய்களை நடுப்பலகை நோக்கிக் கொண்டுவர வேண்டும் என்று தனியாகப் போதிக்க வேண்டியதே இல்லை.

செட்டிநாட்டு வீடுகளில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பாவிய தரை பல பழைய வீடுகளில் உண்டு. அதில் எட்டுக்கு எட்டு கட்டங்களைச் சுண்ணக்கட்டியால் எல்லை கட்டி, குழந்தையையே குதிரையாக நடக்கச் சொன்னால், இரண்டு கட்டம் நேராகவும் ஒரு கட்டம் பக்கவாட்டிலும் செல்லும் அந்தப் பாய்ச்சல் மிக விரைவில் பிடிபடும். கறுப்பில் தொடங்கிய குதிரை வெள்ளையில்தான் இறங்கும் என்பதையும் குழந்தை தானாகவே கண்டுபிடித்துச் சொல்லும்.

வீட்டு முறையும் சர்வதேச முறையும்

நாட்டு முறையில் சதுரங்கம் பழகிய பெரியவர்கள் கற்றுத்தரும் விதிகள் சில, சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளிலிருந்து வேறுபடுகின்றன. முக்கியமான வேறுபாடுகள் மூன்று.

1. நாட்டு முறையில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டமே நகரும். ஃபிடே முறையில் முதல் நகர்வில் மட்டும் விரும்பினால் இரண்டு கட்டம் போகலாம். அப்படிப் போன சிப்பாயைப் பக்கத்து வரிசையில் நிற்கும் எதிரிச் சிப்பாய், அது ஒரு கட்டமே நகர்ந்ததாகக் கொண்டு அடுத்த நகர்விலேயே வெட்டலாம். இதற்கு ஆன் பசான் என்று பெயர்.

2. நாட்டு முறையில் ராஜாவுக்கு ஆட்டத்தில் ஒரு முறை குதிரைப் பாய்ச்சல் உண்டு. ஃபிடே முறையில் அதற்குப் பதிலாக, ராஜா இரண்டு கட்டம் யானைப் பக்கம் நகர, யானை அதைத் தாண்டி மறுபக்கம் வந்து நிற்கும் கேஸ்ட்லிங் இருக்கிறது.

3. கடைசி வரிசையை எட்டிய சிப்பாய், நாட்டு முறையில் அந்த வரிசைக்குரிய காயாகவே மாறும். ஃபிடே முறையில் ராணி, யானை, பிஷப், குதிரை ஆகியவற்றுள் எதை வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம்.

இந்த வேறுபாடுகளால் குழந்தை கெட்டுப்போய்விடும் என்று எண்ணி, பெரியவர்களோடு ஆடுவதைச் சிலர் தடுக்கிறார்கள். இது தேவையற்ற அச்சம். நாட்டு முறையிலேயே சதுரங்கம் பழகிய மீர் சுல்தான் கான், பின்னர் சர்வதேச விதிகளைக் கற்று 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். இரண்டு முறைகளும் வேறு வேறு என்பதை மட்டும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால், ஐயாவோடும் அப்பத்தாவோடும் ஆடும் ஒவ்வோர் ஆட்டமும் பயிற்சிதான்.

உண்மையான குழப்பம் வேறோர் இடத்தில் வருகிறது. ஆடுபுலி ஆட்டம் ஆடிப் பழகிய குழந்தைக்கு, புலியை நகரவிடாமல் அடைத்துவிட்டால் வெற்றி. சதுரங்கத்திலோ, செக் இல்லாத நிலையில், அதாவது ராஜா தாக்கப்படாதபோது, எதிராளிக்கு நகர்த்த எந்த வழியும் இல்லாமல் அடைத்துவிட்டால் அது ஸ்டேல்மேட், ஆட்டம் சமனாகிவிடும். ராணியும் ராஜாவும் கையில் இருக்க, எதிரில் தனி ராஜா மட்டும் நிற்கும்போது, வென்றுவிட்டோம் என்று எண்ணி ஸ்டேல்மேட்டில் முடித்துக் கண்கலங்கும் குழந்தைகளை எந்தப் போட்டியிலும் பார்க்கலாம். செக் கொடுத்து, தப்ப வழியும் இல்லாமல் செய்தால்தான் செக்மேட் என்ற வேறுபாட்டை முதல் வாரத்திலேயே பலகையில் காய்களை வைத்துக் காட்டிவிட வேண்டும்.

ஏன் முடிவிலிருந்து தொடங்க வேண்டும்?

ஆட்டத்தின் தொடக்கத்தில் பலகையில் 32 காய்கள் நிற்கின்றன. விதிகளை அப்போதுதான் கற்ற குழந்தையால் அவற்றுக்கு இடையிலான உறவுகளைப் பார்க்க முடியாது. எனவே தொடக்க நகர்வுகளைக் கற்பிக்கும்போது காரணம் புரியாமல் வரிசையை மட்டும் மனப்பாடம் செய்கிறது. எதிராளி ஐந்தாவது நகர்வில் வேறொன்றை ஆடிவிட்டால் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. நான்கே காய்கள் உள்ள நிலையில் இப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒவ்வொரு நகர்வின் விளைவும் கண்முன் தெரியும். சரியா தவறா என்பதைக் குழந்தையே ஆடிப்பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கூர்ந்து பார்ப்போம். வெள்ளை ராஜா இ6 கட்டத்திலும், வெள்ளைச் சிப்பாய் அதன் பின்னால் இ5 கட்டத்திலும், கறுப்பு ராஜா இ8 கட்டத்திலும் நிற்கின்றன. வேறு காய் இல்லை. இங்கே யார் முதலில் நகர்த்தினாலும் வெள்ளைக்கே வெற்றி. கறுப்பு நகர்த்த வேண்டியிருந்தால், அதன் ராஜா டி8 கட்டத்துக்குப் போகும்போது வெள்ளை ராஜா எஃப்7 கட்டத்துக்கு வந்து சிப்பாயின் பாதை முழுவதையும் காத்துக்கொள்ளும். வெள்ளை நகர்த்த வேண்டியிருந்தால், ராஜா டி6 கட்டத்துக்குச் செல்ல, கறுப்பு ராஜா டி8 கட்டத்தில் வந்து எதிர்நிற்கும். பிறகு சிப்பாய் இ6, கறுப்பு ராஜா இ8, சிப்பாய் இ7 என்று போகும். இப்போது கறுப்பு ராஜாவுக்கு எஃப்7 தவிர வேறு கட்டமில்லை. அது நகர்ந்ததும் வெள்ளை ராஜா டி7 கட்டத்தைப் பிடிக்கும். சிப்பாய் அடுத்த நகர்வில் ராணியாகும்.

அதே காய்களைச் சற்று மாற்றி வைத்துப் பார்க்கலாம். வெள்ளை ராஜா இ6 கட்டத்திலேயே இருக்க, சிப்பாய் மட்டும் அதன் முன்னால் இ7 கட்டத்தில் நிற்கிறது. கறுப்பு ராஜா இ8 கட்டத்தில். நகர்த்த வேண்டியது கறுப்பு. கறுப்பு ராஜாவுக்குப் போக இடமே இல்லை, செக்கும் இல்லை. ஆகவே ஸ்டேல்மேட். சிப்பாய் முந்திப் போனதால் வெற்றி கைநழுவிவிட்டது. ராஜா முன்னே சென்று வழி திறக்க, சிப்பாய் பின்னே வர வேண்டும் என்ற விதியை இந்த இரண்டு நிலைகளும் சேர்ந்து கற்பிக்கின்றன. எதிரெதிரே ஒரு கட்டம் இடைவிட்டு நிற்கும் ராஜாக்களில் யார் வழிவிட வேண்டியிருக்கிறது என்பதைப் பார்ப்பதற்கு ஆப்போசிஷன் என்று பெயர்.

இது குழந்தைகளுக்கான எளிய பாடம் மட்டும்தானே என்று தோன்றலாம். குகேஷ் உலகச் சாம்பியன் ஆன 14ஆவது ஆட்டம் முடிந்ததே இந்த வகைக் கணக்கில்தான். வெள்ளைக் காய்களுடன் ஆடிய டிங், 55ஆவது நகர்வில் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். கறுப்பில் ஆடிய குகேஷ் யானைகளையும் பிஷப்புகளையும் அடுத்தடுத்து மாற்றிக்கொள்ள அது வழி திறந்தது. மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும் மட்டும்: குகேஷிடம் இரண்டு சிப்பாய்கள், டிங்கிடம் ஒன்று. எல்லாக் காய்களையும் வெட்டி மாற்றிய பிறகு எஞ்சும் நிலை வெற்றியா சமனா என்பது தெரிந்திருந்தால்தான், மாற்றலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்ய முடியும். முடிவாட்டத்தை முதலில் கற்க வேண்டும் என்று 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாக இருந்த கபாபிளாங்கா வலியுறுத்தியதன் காரணமும் இதுவே.

பயிற்சியின் வரிசை

முதல் ஆண்டைப் பின்வருமாறு அமைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படிக்கும் எத்தனை வாரம் என்பது குழந்தையைப் பொறுத்தது. அடுத்த படிக்கு நகர நாள்காட்டியைப் பார்க்கக் கூடாது; குழந்தை கைதவறாமல் செய்கிறதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

1. சிப்பாய் ஆட்டம். பக்கத்துக்கு எட்டுச் சிப்பாய்கள் மட்டும். முதலில் கடைசி வரிசையை எட்டுபவருக்கு வெற்றி. நேராக நகர்ந்து குறுக்காக வெட்டும் சிப்பாயின் இயல்பு, ஒன்றையொன்று காத்து நிற்பது, முன்னே தடையற்ற சிப்பாயின் வலிமை ஆகிய மூன்றும் இதிலேயே வந்துவிடும். பிறகு ராஜாக்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

2. அடிப்படை செக்மேட்டுகள். இரண்டு யானைகள் மாறி மாறி வரிசைகளை அடைத்துத் தனி ராஜாவை ஓரத்துக்குத் தள்ளுவது, அடுத்து ராஜாவும் ராணியும், அதன்பின் ராஜாவும் யானையும்.

3. ராஜாவும் ஒரு சிப்பாயும். மேலே கண்ட ஆப்போசிஷனுடன், தனியே ஓடும் சிப்பாயை எதிரி ராஜா எட்டிப் பிடிக்குமா என்பதைக் கட்டமிட்டுக் கணிக்கும் முறையும். ஏ4 கட்டத்தில் உள்ள வெள்ளைச் சிப்பாய்க்கு ஏ4, ஏ8, இ8, இ4 ஆகியவை மூலைகளாக அமையும் சதுரத்தை மனத்தில் வரைய வேண்டும். கறுப்பு ராஜா தன் முறையில் அதற்குள் கால்வைக்க முடிந்தால் சிப்பாயைப் பிடித்துவிடும்.

4. காப்பில்லாத காயைக் காணுதல். ஒவ்வொரு நகர்வுக்கும் முன், எதிராளி எதைத் தாக்குகிறார், என் காய்களில் எது காப்பின்றி நிற்கிறது என்று இரண்டு கேள்விகளைக் கேட்கும் பழக்கம். தொடக்கநிலை ஆட்டங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விகள் கேட்கப்படாததால்தான் தோற்கின்றன. முதல் ஆண்டில் வேறெதற்கும் நேரம் இல்லாவிட்டாலும் இதற்கு இருக்க வேண்டும்.

5. ஒரே நகர்வில் இரு காய்களைத் தாக்கும் ஃபோர்க், பின்னால் உள்ள பெரிய காய்க்காக முன்னால் உள்ள காய் நகர முடியாமல் சிக்கும் பின் போன்ற உத்திகள்.

6. கடைசியாகத் தொடக்க ஆட்டம். அதிலும் பெயர் பெற்ற வரிசைகள் வேண்டாம். நடுப்பகுதியைச் சிப்பாயால் பிடிப்பது, குதிரைகளையும் பிஷப்புகளையும் வெளியே கொண்டுவருவது, கேஸ்ட்லிங் செய்வது ஆகிய மூன்று போதும்.

நான்கு நகர்வு வெற்றியின் ஆபத்து

வகுப்பில் சேர்ந்த குழந்தைகளிடையே முதலில் பரவுவது நான்கு நகர்வு செக்மேட். வெள்ளை இ4 ஆட, கறுப்பு இ5. வெள்ளை ராணி ஹெச்5, கறுப்புக் குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4. இப்போது கறுப்பு, ராணியை விரட்டும் எண்ணத்தில் குதிரையை எஃப்6 கட்டத்துக்கு ஆடினால், ராணி எஃப்7 சிப்பாயை வெட்டி செக்மேட். இதைத் தற்காப்புக்காகத் தெரிந்துகொள்வது அவசியம்: மூன்றாம் நகர்வில் கறுப்பு ஜி6 ஆடினால் எஃப்7 கட்டம் அடைபடும், ராணியும் விலக வேண்டியிருக்கும்.

ஆனால் இதையே ஆயுதமாகக் கற்பிப்பது குழந்தைக்குச் செய்யும் தீங்கு. பழகாத எதிராளிகளிடம் நான்கைந்து முறை பலித்துவிடும். அந்தச் சுவையில் குழந்தை ஒவ்வோர் ஆட்டத்திலும் ராணியை முதலிலேயே வெளியே இழுத்துவரும். தடுக்கத் தெரிந்த எதிராளி, அந்த ராணியை விரட்டிக்கொண்டே தன் காய்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்துவிடுவார். எதிராளி தவறு செய்வார் என்று நம்பி ஆடும் பழக்கம் ஒருமுறை ஊறிவிட்டால், அதைக் களைய மாதக்கணக்கில் ஆகிறது.

எந்த வயது?

விதியாகச் சொல்லக்கூடிய வயது எதுவும் இல்லை. விஸ்வநாதன் ஆனந்த் ஆறு வயதில் தாயாரிடம் கற்றார். குகேஷ் ஏழு வயதில் தொடங்கினார். மேக்னஸ் கார்ல்சனுக்குத் தந்தை ஐந்து வயதிலேயே கற்றுக்கொடுத்தும், எட்டு வயதையொட்டித்தான் ஆட்டத்தில் ஈடுபாடு வந்தது. ஒரே இடத்தில் இருபது நிமிடம் அமர்ந்து ஒரு விளையாட்டை முடிக்கவும், தன் முறை வரும்வரை காத்திருக்கவும் முடிகிற குழந்தை தயாராக இருக்கிறது. தாயமும் பல்லாங்குழியும் முழு ஆட்டமாக ஆடுகிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

ரேட்டிங்: எண் என்ன சொல்கிறது?

பெற்றோரை அதிகம் அலைக்கழிப்பது ரேட்டிங். இது ஆட்டக்காரரின் வலிமையை முந்தைய முடிவுகளிலிருந்து மதிப்பிடும் எண். ஃபிடே கணக்கிடும் முறையின் சாரம் இது.

1. முதல் ரேட்டிங் பெற, ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களுக்கு எதிராகக் குறைந்தது 5 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். முதல் போட்டியில் அரைப் புள்ளிகூட எடுக்காவிட்டால் (வெற்றிக்கு 1, சமனுக்கு அரைப் புள்ளி) அந்த ஆட்டங்கள் கணக்கில் வராது.

2. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன், இரு ரேட்டிங்குகளின் வேறுபாட்டிலிருந்து எதிர்பார்க்கப்படும் புள்ளி கணிக்கப்படுகிறது. சம ரேட்டிங் என்றால் அது 0.5. 200 குறைவான எதிராளி என்றால் 0.76.

3. கிடைத்த புள்ளிக்கும் எதிர்பார்த்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பெருக்கெண்ணால் பெருக்கப்படுகிறது. புதியவர்களுக்கும், 2300க்குக் கீழே உள்ள 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் அது 40. எனவே சமமான எதிராளியை வென்றால் 20 புள்ளி ஏறும். 200 குறைவானவரிடம் தோற்றால் 30க்கும் மேல் இறங்கும்.

4. 2024 மார்ச் 1 முதல் ரேட்டிங்கின் அடித்தளம் 1000 என்பதிலிருந்து 1400 ஆக உயர்த்தப்பட்டது. அதற்கேற்ப, 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2000க்கும் தம் ரேட்டிங்குக்கும் உள்ள வித்தியாசத்தில் 40 விழுக்காடு ஒரு முறை கூட்டித் தரப்பட்டது. 1200 இருந்தவர் 1520 ஆனார். இப்போது கணக்கு 1400க்குக் கீழே வந்தால் ரேட்டிங் இல்லாதவராகவே கருதப்படுவார்.

நான்காவது விதியால்தான் குழப்பம் மிகுந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரே மாதத்தில் 300 கூடியதே என்ற பேச்சுக்குக் காரணம் திடீர்த் திறமை இல்லை. கணக்கு முறை மாறியது.  ஆகவே எண்ணைப் பார்த்து அவசரப்பட்டு ரேட்டிங் போட்டிகளுக்கு அனுப்ப வேண்டியதில்லை. நுழைவுக் கட்டணம், மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போய்வரும் செலவு, தங்கும் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டால், முதல் ஆண்டில் உள்ளூர்ப் போட்டிகளே போதும். பெருக்கெண் 40 என்பதால் பிள்ளைகளின் எண் வேகமாக ஏறி வேகமாக இறங்கும். ஒரு போட்டியில் 80 இறங்கியதற்காகக் குழந்தையைக் கண்டிப்பது அறியாமை.

கணக்கு மதிப்பெண் கூடுமா?

பல விளம்பரங்கள் அப்படிச் சொல்கின்றன. இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. ஒன்பது, பத்து வயது மாணவர்களுக்குப் பள்ளி நேரத்திலேயே ஓராண்டு சதுரங்கம் கற்பிக்கப்பட்டது. பயிற்சி முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, சதுரங்கம் கற்றவர்களுக்கும் கல்லாதவர்களுக்கும் கணிதத்தில் வேறுபாடு இல்லை. சதுரங்கத்தைச் சதுரங்கத்துக்காகவே கற்பிக்கலாம்; அதற்கு அந்தத் தகுதி உண்டு. மதிப்பெண் வாக்குறுதியோடு கட்டணம் கேட்கும் வகுப்பை நம்ப வேண்டியதில்லை.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது

சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்க வேண்டும். பார்க்க வேண்டியவை சில. பிள்ளைகள் தம் ஆட்டத்தைக் குறித்துக்கொள்கிறார்களா. தோற்ற ஆட்டத்தை ஆசிரியர் அவர்களோடு மீண்டும் பலகையில் வைத்துப் பார்க்கிறாரா. அப்போது விடையைத் தானே சொல்கிறாரா, குழந்தையைத் தேடவைக்கிறாரா. சிறந்த நகர்வைக் கணித்துச் சொல்லும் கணினி இயந்திரம் காட்டுவதைப் பார்த்து இதுதான் சரி என்று சொல்வது எளிது. குகேஷ் 2500 ரேட்டிங் அளவை எட்டும்வரை இயந்திரங்களின் துணையின்றியே பயிற்சி பெற்றார் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

வீட்டில் கைபேசியில் ஆடுவதானால் பத்து நிமிடத்துக்குக் குறையாத ஆட்டங்களை மட்டும் அனுமதிக்க வேண்டும். ஒரு நிமிட, மூன்று நிமிட ஆட்டங்கள், நான்காம் படியில் சொன்ன இரு கேள்விகளையும் கேட்க நேரமே தருவதில்லை. லிச்செஸ் தளம் முழுவதும் இலவசம்; விளம்பரமும் இல்லை. அதிலுள்ள புதிர்களே முதல் ஆண்டுக்குத் தாராளம்.

முதல் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் குழந்தைக்கு நான்கு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். தொட்ட காயை நகர்த்த முடியுமானால் நகர்த்தியே ஆக வேண்டும். காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். நீண்ட நேர ஆட்டத்தில் விதிக்கு மாறான நகர்வை முதல் முறை செய்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டாம் முறை செய்தால் பொதுவாக ஆட்டமே போய்விடும். ஐயம் வந்தால் கடிகாரத்தை நிறுத்தி, கையை உயர்த்தி நடுவரை அழைக்கலாம். இந்த நான்காவது உரிமையைப் பயன்படுத்தக் கூச்சப்பட்டே பல பிள்ளைகள் தமக்குச் சேர வேண்டிய புள்ளியை இழக்கிறார்கள். நடுவரை அழைக்கும் ஒத்திகையையும் வீட்டிலேயே இரண்டு மூன்று முறை செய்துபார்க்கலாம்.